வளைந்த வீட்டு வரிசை

சென்ற தவக்காலத்தில் மறைந்த டாக்டர் அக்னஸை மாணவர்கள் ‘லோங்காங் டாக்டர்’, அதாவது சாக்கடை டாக்டர், என்றுதான் சொல்வார்கள். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் வளர்ந்து, கெலுகோரில் பல்கலைக்கழக விரிவுரையாளரானவர். கடலோர ஜார்ஜ்டவுன் நகரம் எப்படித் திட்டமிடப்பட்டது என்பதே அவர் ஆராய்ச்சி. மற்றவர்கள் பழைய கட்டடங்களின் முகப்பைப் படம் பிடிக்க, அவர் மாணவர்களைப் பின்சந்துச் சாக்கடையோரம் நடத்திக்கொண்டு போவார்.

“முன்பக்கம் ஊருக்குக் காட்டறதுலா. எப்படிப் பொழைச்சாங்கன்னு பின்னால வந்து பாரு. மூக்க அப்புறம் பொத்திக்கலாம்.”

அப்துல் ரஹீமின் மசாலைக் கடை இருந்த வீட்டு வரிசைக்கு ஒருநாள் ஆபத்து வந்தது. முகப்பை மட்டும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தை இடித்து, நிலத்தடியில் கார் நிறுத்துமிடம் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. கிடைத்தால் அத்தனை குடித்தனங்களும் வெளியேற வேண்டும்.

“மண்ணு கல்லாட்டம் இருக்குன்னு ரிப்போர்ட் குடுத்துட்டானுங்க டாக்டர். நான் சாமானக் கட்ட வேண்டியதுதான்.”

“எங்க குத்திப் பார்த்தாங்க, பாய்?”

“முன்னால, ரோட்டோரம்.”

“அப்ப கட்டாதீங்க.”

அந்த வட்டாரத் தெருக்கள் எல்லாம் அடிக்கோல் வைத்து இழுத்தவை. இந்த வரிசை மட்டும் வில்லாக வளைந்திருந்தது. வரைந்தவன் காரணமில்லாமல் வளைத்திருக்க மாட்டான். பின்னால் ஓர் ஓடை இருந்து, பிறகு தூர்ந்திருக்க வேண்டும் என்பது அக்னஸின் கணிப்பு. எந்த வரைபடத்திலும் ஓடை இல்லை. அதனால் அதை நேரில் காட்ட, அனுமதி தரும் நகராட்சிக் குழுவினர் இடத்தைப் பார்க்க வரும் நாளைப் பௌர்ணமிக்கு மறுநாள், நண்பகலுக்கு மாற்றச் சொன்னார்.

அன்று வெயில் கொளுத்தியது. நிறுவனத்தின் பொறியாளர் ஷாஹிரா சந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“மழையே இல்ல டாக்டர். காஞ்ச லோங்காங்கக் காட்டவா கூப்பிட்டீங்க?”

குழுவினர் சிரித்தார்கள். ரஹீம் தலையைக் குனிந்துகொண்டார். அக்னஸ் குடையை விரித்தார்.

“வெயில் சுடுதா? இதுக்குள்ள வந்து நில்லும்மா. வருது.”

வந்தது. முதலில் குமிழி. பிறகு ஒரு காலி சிகரெட் பெட்டி, பௌர்ணமிக் கடலேற்றம் தள்ள, கடல் பக்கமிருந்து ஊருக்குள் மிதந்து போனது. சாக்கடை நிரம்பிச் சந்தில் வழிந்தபோது ஷாஹிராவின் காலணி நனைந்தது.

“வேணும்னா தொட்டு நாக்குல வெச்சுப் பாரு, உப்பு” என்றார் அக்னஸ்.

ஷாஹிரா நாக்கில் வைக்கவில்லை. ஆனால் பின்சந்திலும் மண்ணைத் துளைத்துப் பார்க்க வேண்டும் என்று குழுவினரிடம் அவரே சொன்னார். துளைத்த இடமெல்லாம் கருஞ்சேறும் சிப்பியும் வந்தன. நிலத்தடியில் கட்ட முடியாத ஓடை மண் என்று திட்டம் தள்ளுபடியாயிற்று.

செய்தி வந்த அன்று ரஹீம் கேட்டார்: “அன்னிக்குத் தண்ணி வராமப் போயிருந்தா, டாக்டர்?”

“நாளைக்கு வரும்னு சொல்லி நாளைக்கும் நிக்க வெச்சிருப்பேன், பாய்.”