தம்பி கல்யாணத்தில் ஒரு வெளியீடு

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீஸ் எழுதும் ஒரு மென்பொருளை நம்பித்தான் பல ஆஸ்பத்திரிகளில் பில் போடுகிறார்கள். அதன் புதிய பதிப்பை, எல்லாரும் இறக்கிக்கொள்ளும் இணையப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்ற ஒரு ரகசியச் சாவி வேண்டும். நீளமான எழுத்துக்கோவை, காலாவதியே கிடையாது. அது என் பொறுப்பில் இருந்ததால், நான் லீவு எடுத்த நாளெல்லாம் போன் வரும். ஒருமுறை பல் டாக்டரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அதை எழுத்தெழுத்தாகப் போனில் வாசித்தேன். அந்த டாக்டர் மனது வைத்திருந்தால் எங்கள் பெயரில் எதை வேண்டுமானாலும் வெளியிட்டிருக்கலாம்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. தாலியில் மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டியது. எனக்கு இருப்பதோ ஒரே தம்பி. அந்த நேரத்தில் ஒரு பயலும் என்னைக் கூப்பிடக் கூடாது. சாவியையே ஒழித்துக்கட்டினேன். இனி வெளியீட்டு வேலை எங்கள் இடத்திலிருந்துதான் ஓடுகிறதா என்று களஞ்சியமே சரிபார்த்து, சில நிமிஷத்தில் செத்துப்போகும் ஓர் அனுமதிச்சீட்டைக் கொடுக்கும். திருட ஒன்றுமில்லை, என்னைத் தேடவும் காரணமில்லை.

மேனேஜருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எங்களிடம் தமிழ் பேசுவதாக நினைத்துப் பேசும் மலையாளி அவர்.

"எல்லாம் மெஷினே செய்தா சரியாகுமோ? ஒரு ஆளெங்கிலும் பார்க்கண்டே?"

ஆகவே வேலையைத் தொடங்கியவர் தவிர டீமில் இன்னொருவர் ஒப்புதல் பட்டனை அமுக்க வேண்டும் என்று வைத்தோம். நியாயம்தான். யாராவது ஒருத்தர் இருக்கமாட்டாரா என்ன?

கல்யாணம் தம்பானூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில். பந்தி என்றால் எங்கள் ஆபீஸைத் தடுக்க ஆளில்லை. டியூட்டிக்கு ஒருத்தனை மட்டும் உட்காரவைத்துவிட்டு, டீமே வேனில் வந்து இறங்கியது. அன்றைக்கென்று பார்த்து ஏதோ ஆஸ்பத்திரியில் ஒரே பில் இரண்டு தடவை வந்திருக்கிறது. டியூட்டிக்காரன் அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிடத் தொடங்கினான். ஒப்புதல் கேட்டு, மண்டபத்தில் ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசை முழுக்கப் போன்கள் அதிர்ந்தன. எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவர் அமுக்குவார் என்று நம்பி மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள்.

பொறுத்துப் பார்த்த டியூட்டிக்காரன் வழக்கம்போல என்னைக் கூப்பிட்டான். என் போன் அம்மாவிடம் இருந்தது. கெட்டிமேளம் முழங்குகிறது, தம்பி இரண்டு முடிச்சையும் போட்டுவிட்டான், நான் பெண்ணுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறேன். அம்மா போனைக் காதில் வைத்து ஒரு நிமிஷம் கேட்டாள். பிறகு ஆபீஸ் வரிசையைப் பார்த்து, மேளத்தையும் மீறி ஒரு சத்தம்.

"வேடிக்கை பாத்துட்டு இருக்கியளே, ஆராவது அந்தப் பட்டன அமுக்குங்களேன்! எம்மவ ஒரு முடிச்சு போடாண்டாமா?"

மேனேஜர் துள்ளி எழுந்தார். "அமர்த்தி அம்மே, ஞான் அமர்த்தி!" என்று பட்டனை அமுக்கிய போனைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அவர் மேலும் நாலு அட்சதை விழுந்தது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. சாவியை ஒழித்தவளுக்கு, எதற்கெடுத்தாலும் என்னைக் கூப்பிடும் அந்தப் பழக்கத்தை ஒழிக்கத் தெரியவில்லை. ஆனால் இந்தமுறை என் கையில் போன் இல்லை, இரண்டு கையிலும் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்து மூன்றாவது முடிச்சை இறுக்கினேன்.

"மதினி," என்றாள் புதுப்பெண், "கொஞ்சம் மெதுவா."