இரண்டு பக்கச் சருகு

வேர் வரைக்கும் பெருக்கி வந்த தாஜா அங்கே துடைப்பத்தை நிறுத்தினாள். ஆறு இலையுதிர் காலமாக அதே இடத்தில்தான் நிறுத்துகிறாள். சினார் மரத்தின் அடியிலிருந்து முதலை முதுகுபோல் புடைத்து ஓடும் அந்த வேருக்கு இந்தப் பக்கம் தரை துடைத்துவிட்டதுபோல் இருக்கும். அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சிவந்த சருகு அப்படியே கிடக்கும்.

ஐந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். கோடையில் ஊரே அதன் நிழலில் கம்பளம் உதறும். கல்யாணம் என்றால் சமையல் அண்டாக்கள் அதன் கீழேதான் ஏறும். ஆனால் சருகு மட்டும் இரண்டு வீட்டுக்குத்தான் சொந்தம். வேருக்கு இப்பால் தாஜா, அப்பால் மொக்தா. காற்று தள்ளிக்கொண்டு போனது எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு. மாமியார்கள் காலத்து ஏற்பாடு அது.

தாஜா சருகைக் குவித்துத் தீ வைப்பாள். தழல் அடங்கும் நேரம் பார்த்துக் கையால் தண்ணீர் தெளித்துக் கோலால் புரட்டுவாள். ஒரு நொடி முந்தினால் புகையும், பிந்தினால் சாம்பல். அவள் கைக்கு வருவது பஞ்சுபோன்ற கரி. ஒரு பிடி போட்டால் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்க்ரிச் சட்டி நாள் முழுக்கக் கதகதப்பாக இருக்கும்.

"பெரியம்மா, அந்தப் பக்கம் சும்மாதானே கெடக்குது? நான் அள்ளிக்கிறேனே" என்று அடுத்த வீட்டு மருமகள் ஷமீமா வருஷம் தவறாமல் கேட்பாள்.

"அதுக்கு ஆள் இருக்கு."

"எங்க இருக்கு? ஸ்ரீநகர்ல மகன் வீட்டுல கரண்ட் அடுப்புல குளிர் காயுறாங்களாம்."

"கரண்டு போகாத ஊராடி அது? போ, போய் உன் வேலையப் பாரு."

மொக்தா ஊரை விட்டுப் போவதற்கு முந்தின இலையுதிர் காலத்தில்தான் அது நடந்தது. "என் பக்கத்துல ஒரு கூடை அள்ளிட்டியே அக்கா, கண்ணு தெரியலையா?" என்று தாஜா கேட்டுவிட்டாள். மொக்தா கூடையைத் தூக்கி அவள் காலடியில் கொட்டினாள். "இந்தா, வச்சுக்க. இப்ப வயிறு குளுந்துச்சா?"

மறுநாள் காலையில் தாஜாவின் கண்ணெதிரிலேயே ஒரு காற்று எழுந்து, இந்தப் பக்கத்துச் சருகை வேரைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. அவள் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். மொக்தா வீட்டுக்கு இருபதடிதான். பனி உருகட்டும், அந்தக் கூடையும் காற்று தள்ளியதுதான் என்று போய்ச் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். பனி உருகியபோது அந்த வீட்டில் பூட்டு தொங்கியது.

இந்த வருஷம் முதல் பனிக்கு இரண்டு நாள் முன்னால், தாஜா வேரைத் தாண்டினாள். அந்தப் பக்கத்துச் சருகைத் தனியாகக் குவித்து, தனியாகக் கொளுத்தி, சாக்கில் அடைத்தாள். பிறகு தன் கரியிலிருந்து ஒரு கூடை எடுத்து வந்து அதன்மேல் கொட்டி, வாயைத் தைத்தாள். ஸ்ரீநகர் பேருந்து ஓட்டும் கஃபார் அதைக் கூரையில் ஏற்றினான்.

"யாரு குடுத்தாங்கன்னு சொல்லட்டும், பெரியம்மா?"

"அவளுக்குத் தெரியும். ஒரு கூடை கூடவே இருக்குன்னு மட்டும் சொல்லு."

யார் கரி அனுப்பினாலும் காலிச் சாக்கு மறுநாளே கஃபார் கையில் திரும்பிவிடும். மறுநாள் அவன் கையை விரித்தான். "சொல்லிட்டேன் பெரியம்மா. வாங்கி உள்ள வச்சுக்கிட்டாங்க. சாக்கத் திருப்பித் தரல."

இப்போது மரத்தில் ஓர் இலைகூட இல்லை. இருந்தும் பேருந்து வரும் நேரத்துக்கு தாஜா துடைப்பத்தோடு வந்துவிடுகிறாள். வேரின்மேல் கிடக்கும் பனியைப் பெருக்குகிறாள், இரண்டு பக்கமும்.

பனி விழத் தொடங்கிப் பதினொரு நாள் ஆகிறது. சாக்கு இன்னும் வரவில்லை.