அஸர் பாங்கில் கூடிப்போன ஒரு வரி

'தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது' என்று ஜபார் மோதினார் பிற்பகல் மூன்றரை மணிக்கு ஒலிபெருக்கியில் அரபியில் அறிவித்தார். அது விடியற்காலை ஸுபஹ் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு மட்டுமே உரிய வரி. பிற்பகல் அஸர் பாங்கில் அதற்கு இடமில்லை. வாயைவிட்டுப் போன கணமே அவருக்கு அது விளங்கிவிட்டது. என்ன பயன்? ஊருக்கும் விளங்கிவிட்டது.

மீன் வாடிக்கார இனாஸ் பள்ளி வாசலிலேயே மறித்தான். "சரியாத்தானே சொன்னீங்க மோதினார்! சோத்தத் திண்டுட்டு ஊரே நித்திரை. இருவது வருஷத்தில இண்டைக்குத்தான் உங்கட பாங்குக்கு நான் எழும்பினது."

ஜபாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பயந்தார். அவருடைய மூத்த சகோதரரான நானாவுக்கும் மறதி இப்படித்தான் தொடங்கியது: ஒரே மையித்து வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு தரம் போய்த் துக்கம் விசாரித்தார். அதை மதினி இரண்டு வருஷம் மூடி மறைத்தாள். ஊர் ஏமாறவில்லை, நானா மட்டும்தான் ஏமாந்தார். கடைசியில் ஜபாரைப் பார்த்தே, "தம்பி ஆர்ர மகன்?" என்று கேட்டார்.

ஜபாருக்கு அறுபத்தேழு வயது. தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிப் பக்கம் இறங்கி, வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர். குரலைக் கேட்ட பள்ளி நிர்வாகம் கூப்பிட்டு மோதினாராக்கியது. அந்த வள்ளத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார் என்று இன்றும் வரிசை பிசகாமல் சொல்வார். காலையில் கண்ணாடியை வைத்த இடம்தான் தெரியாது.

அன்றிலிருந்து தன்னைத்தானே சோதிக்கத் தொடங்கினார். குனூத் பிரார்த்தனையை ஓதிப் பார்ப்பார். பேரப்பிள்ளைகளின் பெயர்களை மூத்ததிலிருந்து ஒருமுறை, இளையதிலிருந்து ஒருமுறை சொல்வார். அடுப்படிக்கும் முற்றத்துக்குமாக நடப்பார். மறந்துவிடுவோமோ என்று நித்திரையைத் தொலைத்தார். நித்திரையில்லாததால் இன்னும் மறந்தார். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போன பஸ்ஸிலும் பாலாவி வரைக்குமான தரிப்பிடங்களை மனதில் அடுக்கினார். கொண்டக்டர் முந்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கத்தியதால் பரீட்சை கெட்டது.

டொக்டர் ஃபஹ்மியா திகதி கேட்டார், தாளில் மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னார், ஐந்து சொற்களைச் சொல்லிப் பிறகு திருப்பிக் கேட்டார். நான்கு வந்தன.

"வயசு போகப் போக மூளை தேடி எடுக்கக் கொஞ்சம் சுணங்கும், வாப்பா. பேர் பிந்தி வரும், ஆனா வரும். பிழை விட்டது உங்களுக்கே விளங்கினதும் நல்லதுதான். பிரஷர்தான் கூடிப்போய்க் கிடக்கு. அது மூளைக்கும் கூடாது. அதுக்குத் தாற குளிசைய ஒழுங்காப் போடுங்க, நடங்க, நாலு பேரோட கதைங்க, நல்லா நித்திரை கொள்ளுங்க."

"நித்திரையா? நான் ஊரை எழுப்புற ஆள், மகள்."

"எழுப்பிறதுக்கும் முதல்ல படுக்கணுமே!"

"அப்ப நானாட மறதி வருத்தம் எனக்கு வராதா?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது. எனக்கு வராதெண்டுகூடச் சொல்ல ஏலாது. ஆறு மாசத்தால திரும்ப வாங்க."

நல்ல செய்திதான். ஆனால் ஆறு மாதத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் நல்ல செய்தியை வைத்துக்கொண்டு மனிதன் எங்கே உட்காருவது? வீட்டுக்கு வந்தும் அவர் நின்றுகொண்டேயிருந்தார். மனைவி றம்ஸியா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாரு. நான் பிசகினா நீ மறைக்கப்படாது. மதினி செஞ்ச வேலைய நீ செய்யாத. பள்ளியில ஆரும் சொல்ல முந்தி நீ சொல்லணும். நானே போய்ப் பாங்கு சொல்ற வேலைய விட்டுக் குடுப்பன்."

றம்ஸியா கத்தியைக் கீழே வைத்தாள். "சொன்னாக் கேப்பீங்களா?"

ஜபார் முற்றம் வரை போய்த் திரும்பி வந்தார். நாற்பது வருஷத்தில் அவள் சொல்லி அவர் கேட்டதாக எதுவும் நினைவுக்கு வரவில்லை. அது மறதியல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

"கேக்க மாட்டன்" என்றார். "சண்டையும் பிடிப்பன். அப்பயும் விடாமச் சொல்லு."