தரை தெரியும் வரை

நசீராவுக்குக் கை சும்மா இருக்காது. உறையூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அபாயா தைக்கக் கொடுத்தால் அளவெடுக்கும்போது கொடுத்த டீ ஆறுவதற்குள் வெட்டிப் போட்டிருப்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் சட்டையில் தொங்கும் நூலைக் கடித்து எடுப்பாள். அப்படிப்பட்டவளை ஒரு தொட்டித் தண்ணீர் கையைக் கட்டி உட்காரவைத்த கதை இது.

வீட்டின் பின்னால் நீச்சல் குளம் கட்டியது அவள் கணவர் கியாசுதீன். சவுதியின் தம்மாமில் அடுத்தவர் வீட்டுக் குளங்களைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. ஊரான் வீட்டுக் குளத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறோமே என்ற ஆதங்கத்தில், லீவில் வந்தபோது சின்னதாக ஒன்று கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். காவிரியை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் ஒருநாள்கூட முங்காத நசீரா, கல்யாணத்துக்கு மகள் நிற்கிற வயதில், ஏணியைப் பிடித்துப் பிடித்தே நீந்தக் கற்றாள். அப்புறம் தெருப் பெண்களையும் இழுத்தாள். உடம்பு முழுக்க மூடுகிற நீச்சல் உடுப்பைத் தானே தைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டு ஆண்களுக்குப் பின்கட்டில் வேலை கிடையாது. அந்தப் பெண்களில் பாதிப் பேருக்குக் கழுத்தளவு தண்ணீர் என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்தது.

நோன்பு மாதம் வந்தது. வாயில் தண்ணீர் போய்விடுமோ என்று ஒருத்தியும் குளத்தில் இறங்கவில்லை. இறங்காத குளத்துக்கு மோட்டார் எதற்கு என்று நசீராவும் நிறுத்திப் போட்டாள். பெருநாள் துணி தைக்கிற அவசரத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை. வெயில் சும்மா இருக்குமா? பெருநாளன்று பார்த்தால் தண்ணீர் பச்சைப்பசேலென்று கிடந்தது. கையை விட்டால் முழங்கைக்குக் கீழே தெரியவில்லை.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. மாடியில் குடியிருக்கும் கொழுந்தன் அப்துல் அஹதின் மகள் இன்ஷாவைக் காணோம். குளத்தோரம் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. அப்துல் அஹத் பெருநாள் சட்டையோடு அப்படியே குதித்தான். பாசிக்குள் மூழ்கி மூழ்கித் துழாவினான். அவன் மனைவி ஷஹனாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நசீரா அறை அறையாக ஓடித் தேடினாள். கடைசியில் பிள்ளை தையல் அறையில் துணி மூட்டைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்துல் அஹத் உடம்பெல்லாம் பச்சை வழிய நின்று சொன்னான். "மதினி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் மண் லாரி வருது. இதை மூடிடலாம்."

"தண்ணியச் சுத்தம் பண்ணிட்டா?"

"பண்ண முடியாதுங்க. அடியில பிள்ளை கெடந்தாக்கூடத் தெரியாத தண்ணி அது."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் நசீராவைக் குடைந்தது. அவன் வீம்புக்குச் சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை பேசி மடக்கியிருப்பாள். போனில் கேட்டபோது கியாசுதீனும், "தம்பி சொல்றபடி செய்யி" என்றார்.

"அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள தரை தெரிஞ்சா?"

கியாசுதீன் தொழில்காரராகப் பேசினார். "மொத்தத் தண்ணியையும் இறக்கிட்டுப் புதுசா நிரப்பு. அதான் சுருக்கு வழி."

நசீரா போனை வைத்துவிட்டாள். புதுசா எங்கிருந்து நிரப்புவது? சித்திரை வெயிலில் போர்வெல் காற்றைத்தான் துப்பியது. இருக்கிற தண்ணீரையே தெளியவைத்தாக வேண்டும்.

காவிரியில் புதுத் தண்ணீர் கலங்கலாக வந்தால் திருச்சி வீடுகளில் என்ன செய்வார்கள்? குடத்தில் படிகாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள், கலங்கல் அடியில் போய்விடும். நசீராவும் அதைத்தான் செய்தாள். காந்தி மார்க்கெட்டிலிருந்து படிகாரம் வாங்கிவந்து, இடித்து, கரைத்துக் குளத்தில் ஊற்றினாள். நன்றாகக் கலக்கட்டும் என்று மோட்டாரையும் போட்டுவிட்டாள். மறுநாள் பார்த்தால் பச்சையில் பாலை ஊற்றியதுபோல் இன்னும் மோசம். மாடியிலிருந்து அப்துல் அஹத் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

வீடியோ காலில் பார்த்த கியாசுதீன் தலையில் அடித்துக்கொண்டார். "அது சேறு இல்ல நசீரா, பாசி. உசுரோட இருக்கு. மொதல்ல அதைக் கொல்லணும். அப்புறந்தான் படிகாரம்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட? போனை வெச்சிட்டுப் போயிட்ட."

அன்றிலிருந்து தையல் மெஷின் மூடிக் கிடந்தது. நசீரா நீளக் கம்பு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சுவர், படி, மூலை என்று தோள் கழன்று விழுகிற அளவுக்குத் தேய்த்தாள். பகலில் குளோரின் போட்டால் வெயிலே தின்றுவிடும் என்பதால், வெயில் தாழ்ந்த பிறகு வாளியில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றினாள். மோட்டார் நிற்காமல் ஓடியது. ஃபில்டரை மணிக்கொரு தரம் கழுவினாள், அது திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. அவளும் விடவில்லை. கண் எரிந்தது, கையெல்லாம் ஒரே குளோரின் நெடி. அந்தக் கையால் பிசைந்த சோறு உள்ளே இறங்கவில்லை. புதன்கிழமை காலையில் பச்சை செத்துப்போய், தண்ணீர் கஞ்சித் தண்ணியாக வெளுத்திருந்தது. ஆனால் தரை தெரியவில்லை.

இனிதான் படிகாரம். ஊற்றிக் கொஞ்ச நேரம் கலக்கிவிட்டு மோட்டாரை நிறுத்த வேண்டும். அப்புறம் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. நசீராவுக்கு அதுதான் பெரும்பாடு. பிரஷ்ஷை இரண்டு தடவை எடுத்தாள், இரண்டு தடவையும் வைத்தாள். காய்ந்த இலை ஒன்று மிதந்தது. அதை எடுக்கக் கை பரபரத்தது. கடைசியில் கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். வந்த வாடிக்கைக்காரிகளிடம், "நாளைக்கு வாங்க, இன்னைக்கு எனக்குச் சும்மா இருக்குற வேலை" என்றாள்.

வியாழக்கிழமை, வெள்ளையாகத் தூள் தரையெல்லாம் படிந்திருந்தது. அதைக் குழாய் வைத்து உறிஞ்சிச் சாக்கடைக்கு விட வேண்டும். வேகமாக நகர்த்தினால் பழையபடி கலங்கிவிடும். வாழ்க்கையில் எதையும் மெதுவாகச் செய்து பழகாத மனுஷி அன்று குழாயை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அப்துல் அஹத் வந்தான். லாரி தெருமுனைக்கு வந்துவிட்டது. ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சாகப் பேச நசீரா தயாராக நின்றாள்.

அவன் குளத்தைப் பார்த்தான். ஆழமான பக்கத்தில் டைல்ஸ் கோடுகள் தெரிந்தன. யாரோ தவறவிட்ட கொண்டை ஊசி ஒன்று தெரிந்தது. அவன் ஓரத்திலேயே உட்கார்ந்தான்.

"எனக்கு நீச்சல் தெரியாது மதினி" என்றான். "அன்னைக்கு அதுகூட ஞாபகம் இல்ல. ஏணி கையில சிக்கலைன்னா நான் மேல வந்திருக்க மாட்டேன்."

நசீரா சேர்த்துவைத்திருந்த பேச்செல்லாம் எங்கோ போயிற்று. அன்று இவனே போயிருப்பானா? அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இன்ஷாவுக்குத் தெரியட்டும் தம்பி. நான் கத்துக் குடுக்குறேன்."

ஷஹனாஸ் மாடிப்படியில் நின்றபடி கேட்டுவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கிவந்தாள். நசீரா கட்டிய துணியோடு தண்ணீருக்குள் இறங்கிக் கையை நீட்டினாள். ஷஹனாஸ் பிள்ளையைக் கொடுத்தாள்.

"கையை மட்டும் விட்டுடாதீங்க மதினி" என்றான் அப்துல் அஹத்.

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க. எல்லாந்தான் தெரியுதே."

இன்ஷா நசீராவின் கைமேல் மல்லாந்து மிதந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். தெருமுனையில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். அப்துல் அஹத் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.