என் கையில் வைத்துச் சோதித்த கருவி

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளத்தில் போகவேண்டிய ஒரு தீவில் நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தேன். தீவின் பெயர் வேண்டாம். சிறிய இடம், பெயரைச் சொன்னால் ஆட்களையும் சொன்னதாகிவிடும்.

என் மனைவி அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். கலியாணமாகி வெகுகாலம் கழித்து வந்த பிள்ளை. எட்டாம் மாதத்தில் அவளுடைய கால் வீங்கியது. தலையிடி என்றாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, "கண்ணுக்குள்ளை என்னவோ மின்னுது" என்றாள். பயந்துபோய் மருந்துச்சாலைக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே டொக்டர் கிடையாது. மாதம் ஒருமுறை கரையிலிருந்து ஒருவர் வந்து போவார். மற்ற நாட்களில் நோய் பார்க்கிறதும் மருந்து கொடுக்கிறதும் எல்லாம் அப்போதிக்கரிதான். நடுத்தர வயது, தனி ஆள், அதிகம் பேசமாட்டார். இரத்த அழுத்தம் பார்க்க, மணிக்கூடு மாதிரி முள் ஓடுகிற ஒரு பிறசர் கருவி வைத்திருந்தார். அதன் துணிப்பட்டியை அவளுடைய கையில் கட்டி, காற்றடித்துப் பார்த்தார்.

"நூற்றிருபது. நல்லாயிருக்கு, பிள்ளை. உப்பைக் குறைச்சு, காலை நீட்டிப் படுத்திரும். காணும்."

அவள் சிரித்தபடி வீட்டுக்கு நடந்து வந்தாள். அன்று பின்னேரம் பிட்டும் அவித்தாள்.

மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் வலிப்பு வந்து விழுந்தாள். வள்ளத்தில் ஏற்றினோம். சோளகக் காற்று, பாய் விரிக்க ஏலாத கடல். கரை தெரிகிற தூரத்தில் அவளுடைய தலை என் மடியில் கனத்தது. பிள்ளையும் அவளோடு போயிற்று.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச்செலவு, முடிந்து நான் மறுபடி கடையைத் திறந்திருந்தேன். ஒருநாள் கூப்பன் அரிசிக்கு வந்தவர்கள் எல்லாரும் போகும்வரை அப்போதிக்கரி வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

"மனேச்சர், நாளைக்கு டொக்டர் வாறார். நீங்கள் ஒருக்கா மருந்துச்சாலைக்கு வரவேணும்."

"எதுக்கு?"

"வலிப்பு வந்த உடம்பிலை நூற்றிருபது இருந்திருக்க ஏலாது. என்ர கருவியிலை எனக்குச் சந்தேகம். அதைச் சோதிக்கேக்கை நீங்கள் பக்கத்திலை இருக்கவேணும்."

அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை. போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன்.

டொக்டர் மரப்பெட்டி ஒன்றைத் திறந்து நிமிர்த்தி வைத்தார். உள்ளே கண்ணாடிக் குழாய், அதற்குள் பாதரசம். இந்தப் பெட்டியையும் அப்போதிக்கரியின் முள் கருவியையும் ஒரே இறப்பர் குழாயில் பொருத்தினார். அடிக்கிற காற்று இரண்டுக்கும் ஒரேயளவாகப் போகும், இரண்டும் ஒன்றையே காட்டவேண்டும் என்றார். பட்டியைக் கட்ட ஒரு கை வேண்டும் என்றபோது நான் சட்டைக் கையை மடித்தேன்.

அவளுக்குக் கட்டிய அதே பட்டி. ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. தீவில் எந்தப் பெண்ணுடைய கையிலும் மஞ்சள் இருந்திருக்கும். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்று ஏறியது. கை இறுகி விறைத்தது. இரசம் நூற்று நாற்பதில் நின்றபோது முள் நூற்றுப் பத்தில் நின்றது. டொக்டர் காற்றை விட்டு, மறுபடி ஏற்றினார். இரசம் நூற்றைம்பது, முள் நூற்றிருபது. எத்தனை தரம் ஏற்றினாலும் அதே முப்பது குறைந்தது.

"இதை எப்ப விழுத்தினீர்?" என்று டொக்டர் கேட்டார்.

"நான் விழுத்தேல்லை. வள்ளத்தாலை இறக்கேக்கை பெட்டி ஒருக்கா அடிபட்டது. முள் பூச்சியத்திலை நிண்டதாலை சரியெண்டு நினைச்சிட்டன்."

"கீழை ஒரு ஆணி தடுக்குது. உள்ளுக்குப் பழுதெண்டாலும் முள் அதிலை முட்டிப் பூச்சியத்திலைதான் நிக்கும்."

அப்போதிக்கரி என் பக்கம் திரும்பினார். முகம் சாம்பலாகிவிட்டிருந்தது.

"அவவுக்கு நூற்றைம்பது இருந்திருக்கு, மனேச்சர். வீங்கின காலோடை, கண் மின்னினதோடை. அண்டைக்கே ஏத்தி அனுப்பியிருக்க வேணும்."

பட்டி இன்னும் என் கையில் இருந்தது. நானே அதைப் பிய்த்து எறிந்தேன். அவருடைய சட்டையைப் பிடித்தது நினைவிருக்கிறது.

"இதை ஏன் எனக்குக் காட்டினீர்? விதியெண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருப்பனே!"

அவர் என் கையை விலக்கவில்லை. "இன்னும் வயித்துப்பிள்ளைக்காரியள் இருக்கினம்" என்றார். "எல்லாருக்கும் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லி வைச்சனான்."

டொக்டர் பின்னேர வள்ளத்தில் போய்விட்டார். இரசப் பெட்டியை அப்போதிக்கரியிடம் விட்டுப் போனார். மறுநாள் காலை அவர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியதைக் கடையிலிருந்து பார்த்தேன். அதற்குள் சங்கதி தீவு முழுதும் பரவியிருந்தது. கடைக்கு எதிர்வீட்டுப் படலையை அந்த வீட்டு மாமியார் திறக்கவேயில்லை.

"ஒருத்தியைக் கொன்றது காணாதோ? போம்!"

அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதேதான். வெயிலில் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்த எதிர்வீட்டுப் படலைக்குப் பின்னால் வயிற்றுப்பிள்ளையோடு ஒருத்தி இருந்தாளே. கடையைப் பூட்டிவிட்டு இறங்கினேன்.

"மாமி, திறவுங்கோ. இந்தப் பெட்டி அண்டைக்கு இருந்திருந்தால் என்ர மனிசி இண்டைக்கு இருந்திருப்பா."

படலை திறந்தது.

அன்று முழுதும் வீடு வீடாக நடந்தோம். கடற்கரைப் பக்கத்து வீடொன்றில், பனையோலைப் பெட்டி பின்னிக்கொண்டிருந்த ஒரு இளம் கர்ப்பிணி சிரித்தபடியே கையை நீட்டினாள். இரசம் ஏறிய உயரத்தைப் பார்த்த அப்போதிக்கரி இன்னொரு தரம் காற்றடித்துப் பார்த்தார். "மனேச்சர், நீங்களும் ஒருக்காப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். நூற்று அறுபதுக்கு மேல்.

அன்றைக்கே அவளை வள்ளத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிள்ளை தங்கவில்லை. அவள் திரும்பி வந்தாள். பிறகு பல வருசம் என் கடைக்கு அரிசி வாங்க வந்தாள்.

அப்போதிக்கரிக்கு அடுத்த வருசம் இடமாற்றம் வந்தது. அவர் போனபோது நான் துறைக்குப் போகவில்லை. அவர் தனியாக ஒருநாள் தன் கையிலேயே அந்தக் கருவியைச் சோதித்து, பேசாமல் மூலையில் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திராது. ஆனால் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகக் கொடிய உண்மையை என் முகத்தைப் பார்த்துச் சொன்ன அந்த மனிதரைப் போல நேர்மையான ஒருவரை நான் பிறகு சந்திக்கவேயில்லை.