பெற்றுக்கொண்டோம், வருகிறோம்

யாருடைய முகமும் சுருங்கக் கூடாது ஜெரூஷாவுக்கு. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கிற ரகம். சிறுசேரியில் மென்பொருள் வேலை. ஊரப்பாக்கத்தில் தன் சபையின் வலைதளத்தையும் சும்மாவே பார்த்துக்கொண்டாள்.

படுக்கையில் கிடப்பவர்கள் போதகரை வீட்டுக்கு அழைத்து அப்பமும் ரசமுமான திருவிருந்து வாங்க அதில் ஒரு படிவம் உண்டு. ஏதாவது தவறினால் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும், வயதானவர்கள் அரண்டுபோவார்கள். இவளுக்குப் பாவமாக இருந்தது. எது நடந்தாலும் 'பெற்றுக்கொண்டோம், வருகிறோம்' என்றே திரையில் தெரியும்படி மாற்றிவிட்டாள். பிழைகளைத் தான் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆபீஸ் வேலையில் அது நினைப்போடு நின்றது.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற சுவிசேஷமுத்து, கமிட்டித் தேர்தலில் போதகரோடு சண்டை போட்டுக் கோயில் பக்கமே வராமல் இருந்தவர். புற்றுநோய் முற்றியபோது அவரே வாய்விட்டுத் திருவிருந்து கேட்டார். மனைவி சாராளுக்குப் போதகரிடம் போனில் பேசக் கூச்சம். மொபைலில் படிவத்தை நிரப்பி அனுப்பினாள். 'வருகிறோம்' என்று வந்தது. கணவருக்குச் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுவிட்டுக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. மறுபடி அனுப்பினாள். மறுபடியும் அதே பதில், அதே காத்திருப்பு.

"வேணாம், விடு சாராள். அவங்க இன்னும் என்னை மன்னிக்கல" என்றார் அவர். அந்த வாரமே கண்ணை மூடிவிட்டார்.

அடக்கம் முடிந்ததும் இரண்டு முறை படிவம் அனுப்பியும் ஏன் வரவில்லை என்று சாராள் போதகரை நேராகவே கேட்டாள். அவர் திகைத்துப்போனார். "எனக்கு எதுவுமே வரலையேம்மா!"

பக்கத்தில் நின்ற ஜெரூஷா அதைக் கேட்டாள். வீட்டுக்கு ஓடி, தன் பெயரையே படிவத்தில் எழுதி அனுப்பிப் பார்த்தாள். 'பெற்றுக்கொண்டோம், வருகிறோம்.' விண்ணப்பங்கள் வந்து சேர வேண்டிய பெட்டியில் ஒன்றுமில்லை. தளத்தைப் புதுப்பித்தபோது படிவத்தை வாங்கிக்கொள்ளும் பக்கத்தின் முகவரியை மாற்றியிருந்தாள். படிவமோ இன்னும் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து புதிய இடத்துக்குத் திருப்பிவிடும்போது எழுதியதெல்லாம் வழியிலேயே உதிர்ந்து, வெறும் படிவம்தான் போய்ச் சேர்ந்தது. பெயர் இல்லை, விலாசம் இல்லை என்று தளம் பிழை சொல்லியிருக்கிறது. அதன் வாயைத்தான் இவள் அடைத்துவிட்டிருந்தாளே! ஒரு வரியைத் திருத்தினாள், சரியாகிவிட்டது. அவ்வளவு சுலபமாகச் சரியானதுதான் அவளை உடைத்தது. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

மறுநாள் சாராள் வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அப்போ போதகர் ஐயா வரமாட்டேன்னு சொல்லல?" என்று கேட்டாள் சாராள்.

"அவருக்குத் தெரியவே தெரியாது ஆன்ட்டி. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பார். தப்பு என்னோடது."

சாராள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று ஜெரூஷாவுக்கு இருந்தது. சாராள் நிமிர்ந்தாள்.

"சரிம்மா, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இத எங்க வீட்டுக்காரர்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"