மேஸ்திரியின் பன்னிரண்டு தட்டுகள்

மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருடமாக மேஸ்திரியாக இருக்கும் தட்சணாமூர்த்தியின் நாக்கை இதுவரை எந்தத் தண்ணீரும் ஏமாற்றியதில்லை. பாத்தியில் சுண்டுவிரலை நனைத்து நுனிநாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். "பதினெட்டு டிகிரி" என்பார். பிறகு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தால் அதுவும் பதினெட்டு காட்டும். காட்டாவிட்டால் குழாயில் கோளாறு.

உப்பின் அடர்த்தியை டிகிரியில் சொல்லும் உப்பளத்துக் கணக்கு எளிமையானது. கடல் தண்ணீர் மூன்று டிகிரி. அது பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் வற்றி, இருபத்துநாலைத் தொட்டால் உப்பு பூக்கும். இருபத்தொன்பதைத் தாண்டினால் கசப்பு இறங்கிவிடும். மடையைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டியதுதான். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் இந்த அளவுகோலில் நிறுத்திவிடலாம் என்பது மேஸ்திரியின் தீர்மானம். சம்பந்தி வீட்டுச் சாம்பார் எட்டு. வார்டு மெம்பரின் பேச்சு முப்பத்திரண்டு.

இப்படிப்பட்டவர் கையில் இசைத்தட்டு சிக்கியது கலை உலகத்தின் நல்ல காலமா கெட்ட காலமா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் மிக்ஸி ஜாருக்கு மூடி வாங்கத்தான் கோட்டக்குப்பத்துக்குப் போனார். அங்கே முஜீப் ரஹ்மான் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். பதினோரு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். மூடி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு ரெக்கார்டு பிளேயரும் நான்கு தட்டுகளும் இருந்தன. மேஸ்திரி அவற்றை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் இன்றுவரை மிக்ஸி ஜாரைத் தட்டு போட்டுத்தான் மூடுகிறார்கள். சாப்பாட்டுத் தட்டு.

நான்கு தட்டு தொண்ணூற்று மூன்று ஆன கதையை விரித்தால் இந்தப் பக்கங்கள் போதாது. சுருக்கமாகச் சொன்னால், மனைவி சூர்யகலா ஒரு நாள் தையல் மிஷின் வாங்கினாள். மிஷின் வைக்க இடம் இல்லை. முன்னறையில் மூன்று அடுக்காகத் தட்டுகள் குடியிருந்தன. வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த பட்டு ரவிக்கைத் துணியை அவள் மடியில் வைத்தே வெட்டப் போய், தன் புடவையையும் சேர்த்து வெட்டிவிட்டாள். அன்றைக்கே தீர்ப்பு வந்தது.

"பன்னெண்டு. அதுக்கு மேல ஒண்ணு இருந்தாலும் நான் பிரம்மதேசம் போய்டுவேன்."

பிரம்மதேசம் அவளுடைய அம்மா வீடு. பஸ்ஸில் அரைமணி நேரம்தான். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் கல்யாணமான நாள் முதல் நடந்த எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திக்கொண்டு இறங்குவாள் என்பது மேஸ்திரிக்குத் தெரியும்.

"பன்னெண்டு எப்டிம்மா போதும்?"

"இயேசுவுக்கே பன்னெண்டு சீடர் போதும்னு நம்ம மாதா கோவில் பவுல்ராஜ் சொல்லலயா? உங்களுக்கு இன்னா?"

 மேஸ்திரி முஜீப் பாய்க்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து எண்பத்தொரு தட்டுகளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

ஒரு மனிதன் அவசியம் வைத்திருக்க வேண்டிய தட்டுகள் எவை? இந்தக் கேள்விக்கு யூடியூபில் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் பதில் சொல்லியிருந்தார். அவர் சொன்னவற்றில் ஒன்றுகூட மரக்காணத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் கிடைக்காது. ஆகவே இந்தக் கரைக்கென்று ஒரு பட்டியல் தேவைப்பட்டது. மேஸ்திரி ஆறு நாள் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பக்கம்தான் தேர்வு. முள் இறங்கும், கண் மூடும், டிகிரி அறிவிக்கப்படும். மேல்முறையீடு கிடையாது.

முதல் இடம் ஒரு நாதஸ்வரத் தட்டுக்கு. வாசித்தவர் பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. வாசிப்பைத் தின்ன முடியவில்லை. இருபத்தாறு. அடுத்தது அரபு நாட்டுக்காரர் ஒருவர் மடியில் வைத்து மீட்டும் வாத்தியம். பாஷை புரியாது, ஆனால் அந்த ஆள் யாரையோ கெஞ்சுகிறார் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. இருபத்தைந்து. மாதா கோவில் பாடகர் குழு பாடிய தவக்காலப் பாட்டுகள் பவுல்ராஜ் தந்தவை. நடுவில் யாரோ ஒரு பெண் தும்முவதோடு சேர்த்து இருபத்துநாலரை. தும்மல் இல்லாவிட்டால் இருபத்துமூன்றில் நின்றிருக்கும். ரயில், கதவு மணி, இடி, குழந்தை அழுகை என்று வெறும் சத்தங்களைப் பதிந்த தட்டு ஒன்று, நாடகக்காரர்களுக்காகப் போட்டது. அதில் வரும் மழைக்கு மேஸ்திரி தொழில்முறையில் பயந்து இருபத்தெட்டு கொடுத்தார். கீறல் விழுந்த கதை வசனத் தட்டில் கதாநாயகன் ஒரே இடத்தில் சிக்கி "தாயே, தாயே, தாயே" என்று முப்பது தடவை கூப்பிடுவான். நல்ல தட்டில் ஒரு தடவைதான் கூப்பிடுவானாம். எவ்வளவு நஷ்டம்!

இப்படியாகப் பன்னிரண்டு தேறின. மற்றவை விழுந்தன. விவசாயிகளுக்கு உரம் போடச் சொல்லிக்கொடுக்கும் பிரசாரப் பாட்டுத் தட்டுக்கு மூன்று டிகிரி. சுத்தக் கடல் தண்ணீர்.

"அது நல்லாத்தானே இருக்குது?" என்றாள் சூர்யகலா, காஜா எடுத்தபடியே.

"யூரியாவப் பத்தி ஒரு பாட்டு. அது ஒரு நல்லதா?"

மேல்முறையீடு கிடையாது என்று முன்பே சொல்லியிருக்கிறோம்.

சனிக்கிழமை இரவோடு பட்டியல் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வானம் கறுத்தது. ஐப்பசி மழை வரும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் வருஷா வருஷம் அது வந்த பிறகுதான் ஓலை தேடுவார்கள். உப்பளத்திலிருந்து போன் வந்தது. இருபது குவியல் இன்னும் மூடாமல் கிடக்கிறதாம்.

மேஸ்திரி கிளம்பும் அவசரத்திலும் கடமை தவறவில்லை. பன்னிரண்டு தட்டுகளைத் தனியே அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேலே ஓலைப்பாய் போர்த்தி, கயிறு கட்டினார். எண்பத்தொன்றைப் பக்கத்தில் திறந்தபடி விட்டார். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? உப்பளத்தில் ஓலை போட்டு மூடிய குவியல் நம்முடையது, மழை முடியும்வரை நகராது. திறந்து கிடப்பது லாரிக்கு. இது தெரியாத மனிதன் உண்டா?

உண்டு. முஜீப் ரஹ்மான் கடைக்காரர். கடையில் கட்டி வைத்த சாமான் வந்தவருக்கு. கட்டாமல் கிடப்பது கடைக்கு. இதுவும் மாறாத நியதிதான்.

பாய் பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். சூர்யகலா மிஷினில் குனிந்திருந்தாள். ரவிக்கையின் கழுத்து வளைவில் இருந்ததால் தலையைத் திருப்பவில்லை.

"தங்கச்சி, மேஸ்திரி தட்டு எடுத்துக்கச் சொன்னாரு."

"கட்டி வெச்சிருக்காரு பாருங்க பாய்."

பாய் பார்த்தார். பன்னிரண்டுதான் இருக்கும்போல. 'பாவம், மனசு வரல' என்று நினைத்துக்கொண்டு கட்டைக் காலடியில் வைத்து ஓட்டிக்கொண்டு போனார்.

மாலையில் நனைந்த கோழி மாதிரி வீடு திரும்பிய மேஸ்திரி முன்னறையைப் பார்த்தார். எண்பத்தொன்று அவரைப் பார்த்தது.

"இன்னாடி இது? ஓல போட்டு மூடினத யாராவது தூக்கிக் குடுப்பாங்களா?"

"நான் இன்னா உப்பளத்துலயா பொறந்தேன்? எங்க ஊர்ல பொட்டலம் கட்டினா எங்கயோ குடுக்கறதுக்குத்தான் கட்டுவாங்க."

மேஸ்திரி போனை எடுத்தார்.

"பாய், அது என்னோடது!"

"அப்டியா? நல்லா பேக்கிங் பண்ணியிருந்தீங்களே மேஸ்திரி. எங்க கடைப் பையனுங்களுக்குக்கூட இப்டி வராது."

"பிரிச்சுட்டீங்களா?"

"பிரிச்சது மட்டுமா? ஈசிஆர்ல புதுசா காப்பிக்கடை போடறவர் வந்தாரு. செவுத்துல மாட்டப் பன்னெண்டு ரெக்கார்டு வேணுமாம். பன்னெண்டு இருக்குன்னு வாய் விட்டுட்டேன். வியாழக்கிழம வர்றாரு."

"செவுத்துல மாட்டவா?"

"ஆமா. ஆணி அடிச்சு."

 அந்த அரபுக்காரர் கெஞ்சியது ஒருவேளை இதற்காகத்தானோ என்று மேஸ்திரிக்குத் தோன்றியது.

உடனே கிளம்பியிருப்பார். மழை விடவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பகலெல்லாம் ஓலை இழுத்துக் கட்டவேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தால் தேறாத தட்டுகள்தான் துணை. வேறு வழியில்லாமல் ஒன்றைப் போட்டார். பிறகு இன்னொன்று. உரப் பாட்டுத் தட்டை சூர்யகலாவே எடுத்து வைத்தாள். அதன் தாளம் ஒரே சீராக ஓடியது. அதற்கேற்ப அவள் கால் மிதித்தது. "ஏக்கருக்கு ஒரு மூட்டை" என்று பாடகி நீட்டும் இடத்தில் ரவிக்கையின் ஒரு கை முடிந்தது. திரும்பப் பாடும்போது அடுத்தது. மூன்றாவது தடவை மேஸ்திரியும் சேர்ந்து பாடினார்.

"இது இப்ப எத்தினி டிகிரி?" என்று கேட்டாள்.

"ஏறிக்கிட்டு இருக்குது" என்றார் மேஸ்திரி, கொஞ்சம் கௌரவக் குறைவாக. தண்ணீரை ஒரே ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்து, நாளைக்கும் இதுதான் என்று எழுதிக்கொடுக்கிற மேஸ்திரியை அவரே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்.

புதன்கிழமை மழை விட்டது. மேஸ்திரி ஒரு லோடு ஆட்டோ பிடித்தார். எண்பது தட்டுகளையும் ஏற்றினார். எண்பத்தொன்றாவது மிஷின் பக்கத்திலிருந்து நகர மறுத்தது. அதாவது சூர்யகலா மறுத்தாள்.

கோட்டக்குப்பத்தில் பாய் கடையில் அரபு வாத்தியம் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நின்றே மேஸ்திரி அடையாளம் கண்டுகொண்டார்.

"பாய், காப்பிக்கடைக்காரருக்குப் பாட்டு வேணுமா, அட்டை வேணுமா?"

"அவர்கிட்ட பிளேயரே இல்ல மேஸ்திரி. அட்டைதான்."

"அப்ப பாருங்க." மேஸ்திரி ஆட்டோவில் தேடினார். அட்டையில் மயில் தோகை விரித்த தட்டு, குதிரைமேல் கதாநாயகன், அருவி, இன்னொரு மயில். உள்ளே இருப்பதை மனிதக் காது தாங்காது. பன்னிரண்டை எடுத்துப் பெஞ்சில் அடுக்கினார். "இதுக்கு மேல அழகு புதுச்சேரியிலயே கெடைக்காது."

பாய்க்குத் திருப்தி. மீதி அறுபத்தெட்டும் கடையில் இறங்கின. மேஸ்திரியின் கட்டை எடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி அங்கேயே எண்ணினார். பதினொன்று.

"ஒண்ணு கொறையுது."

பாய் பிளேயரைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"பதினோரு வருஷம் அந்த ஊர்ல இருந்தேன் மேஸ்திரி. ஏசி மெக்கானிக். தெனம் எந்த வீட்லயாவது இத மாதிரி ஓடிக்கிட்டு இருக்கும். ஒரு நாளும் நின்னு கேட்டதில்ல. கம்ப்ரஸர் சத்தத்தத்தான் கேட்டேன்."

"அதுக்கு?"

"இப்பதான் கேக்கறேன். மூணு நாளா கேக்கறேன். வீட்டுக்குப் போக லேட்டாவுது, எம் பொண்டாட்டி ஜெயினம்பு இன்னா ஆச்சோன்னு பயந்து போன் பண்றா."

மேஸ்திரி பிளேயர்மேல் குனிந்து முள்ளைப் பார்த்தார். தன் பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருப்பதை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமல்ல. வரப்புத் தகராறில் ஒரு அடி விட்டுக்கொடுப்பதைவிடப் பெரிது. கடைசியில், "முள்ள மாத்துங்க பாய், தேஞ்சு போச்சு. நல்ல தட்ட கெடுத்துடும்" என்றார். அது அவர் பாஷையில் அன்பளிப்பு.

வீட்டில் சூர்யகலா வாசலிலேயே கட்டை வாங்கிப் பிரித்து எண்ணினாள்.

"பதினொண்ணு."

"உன்னோட உரப் பாட்டோட பன்னெண்டு. பேச்சு பேச்சுதான்."

அவள் உரப் பாட்டுத் தட்டை எடுத்தாள். நூல்கண்டு, கத்தரிக்கோல், டேப் எல்லாம் வைத்திருக்கும் தகர டப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள்.

"இது உங்க பன்னெண்டுல சேராது. இது மிஷின் சாமான்."

"அப்ப எனக்கு ஒரு எடம் காலியா இருக்குதா?"

"இருக்குது. ஒண்ணே ஒண்ணு."

மேஸ்திரி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. போனை எடுத்தார்.

"பாய், அந்த அறுபத்தெட்டு இன்னும் ஆட்டோவுலேந்து எறக்கி வெச்ச மாதிரியேதான இருக்குது?"

"அப்டியேதான் கெடக்குது மேஸ்திரி. ஏன்?"

"எதையும் விக்காதீங்க. காலைல வர்றேன். எல்லாத்தையும் முதல்லேந்து கேக்கணும்."

"எத்தினி நாள் ஆவும்?"

மேஸ்திரி அறுபத்தெட்டை மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். வெளியே இன்னும் ஈரம் காயவில்லை; பாத்தியில் தண்ணீர் நிற்கிறது; தை மாதம்வரை வேலை இல்லை.

"பொங்கலுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். "எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைங்க."